கேட்டால்தான் கை வைப்பார்

என் வீட்டுக்காரருக்கு ஞானம் வந்தது லிஃப்டின் கூரைமேல். நான் கிண்டல் செய்வதாக நினைக்க வேண்டாம், அவரே அப்படித்தான் சொல்வார். லிஃப்ட் மெக்கானிக்காக வேலைக்குச் சேர்ந்த புதிது. ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட் கூண்டின் மேல் ஏறி நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போய்விட்டது. மேலேயும் இருட்டு, கீழேயும் இருட்டு. உதவிக்கு ஆளைக் கூட்டிவரப் போனவன் அப்படியே டீ குடிக்கப் போய்விட்டான். பாதி நாள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார் மனிதர். வேறு யாராக இருந்தாலும் கத்தித் தொண்டையைக் கிழித்துக்கொண்டிருப்பார்கள். இவருக்கு முதலில் பயம் வந்ததாம், பிறகு பசி வந்ததாம், அப்புறம் ஒன்றுமே வரவில்லையாம். "மனசு வாயை மூடிக்கிச்சு" என்பார். வெளியே இழுத்துப் போட்டவர்களிடம், "அதுக்குள்ள ஏன் வந்தீங்க?" என்று கேட்டாராம். அன்றிலிருந்து அந்த அமைதியைத் தேடிக்கொண்டே இருக்கிறார். தேடுகிற வழியில் என்னையும் கல்யாணம் செய்துகொண்டார்.

அவர் போகாத பாதை இல்லை. கல்யாணமான புதிதில் பேசா விரதம். வாரத்தில் ஒரு நாள் வாயைத் திறக்க மாட்டார். அந்த நாளாகப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் குழாய் உடையும், சாவி தொலையும், என் அம்மா வருவாள். மாப்பிள்ளை முகம் கொடுத்துப் பேசவில்லை என்று மூக்கைச் சிந்திக்கொண்டே போவாள். பிறகு அடுப்பில் ஏறாத சாப்பாடு. காரட், முட்டைக்கோஸ், ஊறவைத்த பயறு. "எங்கள் அப்பா பச்சை இலை தின்பார், மிகவும் சாதுவானவர்" என்று எங்கள் மகள் பள்ளிக்கூடக் கட்டுரையில் எழுதி வைக்க, டீச்சர் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அடுத்து தலைகீழாக நிற்பது. அது கீழ் வீட்டுக்காரரின் தலைமேல் 'தொம்' என்று விழுவதில் முடிந்தது. அப்புறம் வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்காருவது. அதில் எனக்கு ஒரு லாபம், அந்தச் சுவருக்கு அவரே சுண்ணாம்பு அடித்தார்.

ஒருமுறை லீவு போட்டுவிட்டு வெளியூரில் ஒரு பெரியவரிடம் போனார். ஒரு மாதம் ஆகும் என்று சொல்லிப் போனவர் மூன்றாம் நாள் காலையில் பையும் கையுமாக வாசலில் நின்றார்.

"என்னங்க, அதுக்குள்ள கிடைச்சிடுச்சா?" என்றேன்.

"அவரோட செருப்பை யாரோ மாத்திப் போட்டுட்டுப் போயிட்டாங்க. அதுக்கு அந்த மனுஷன் போட்ட சத்தம் இருக்கே! அதைவிட நம்ம வீடு எவ்வளவோ அமைதி" என்றார். அவர் என்னைப் பாராட்டியது மொத்தத்தில் அந்த ஒருமுறைதான் என்பதால் அப்படியே ஞாபகம் இருக்கிறது.

எனக்கு இதில் எதிலும் நம்பிக்கை கிடையாது. என் பிழைப்பு அப்படி. மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. பார்வை மங்கினால் அதற்கொரு லென்ஸ் உண்டு, ஸ்க்ரூ கழன்றால் முடுக்கினால் சரியாகிவிடும், சட்டம் கோணினால் சூடு காட்டி நிமிர்த்தினால் போதும். கண்ணை மூடிக்கொண்டு எதையோ பார்க்கிறேன் என்று சொல்லும் ஆளை, கண்ணைத் திறந்து பார்ப்பதற்காகவே சம்பளம் வாங்குகிற நான் என்னவென்று நம்புவது? ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். வேலையில் ஒரு நாள் தவறியதில்லை, வீட்டில் ஒரு சொல் கடுமையாகச் சொன்னதில்லை. அவரிடம் கெட்ட பழக்கம் எதுவும் கிடையாது, நல்ல பழக்கங்கள்தான் தாங்க முடியாத அளவுக்கு இருந்தன.

தொடு சிகிச்சைக்கு வந்தது ஐம்பது வயதுக்குப் பிறகு. அதற்கும் ஒரு லிஃப்ட்தான் காரணம். கூட வேலை பார்த்தவர் ஒருவருக்குக் கால் மாட்டிக்கொண்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை அவருடைய தலையை இவர் மடியில் வைத்து, நெற்றியில் கை வைத்துக்கொண்டிருந்தார். வலியில் அலறிக்கொண்டிருந்தவர் மெல்ல மெல்ல அடங்கி, இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தாராம். அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தார். என்ன என்று கேட்டேன்.

"அன்னைக்கு லிஃப்ட் மேல இருந்தது இல்ல... அது இன்னைக்கு வந்துச்சு. கை வழியா வந்துச்சு. எனக்கு மட்டும் வரல, அவனுக்கும் போச்சு" என்றார். அப்போது அவர் கண்ணில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்து, வாய்வரை வந்த கேலியை விழுங்கிவிட்டேன்.

ஒரு டயர் கடையின் மாடியில் வாரக் கடைசியில் வகுப்பு நடந்தது. சொல்லிக் கொடுத்தவள் எங்கள் மகளைவிட ஒன்றிரண்டு வயது பெரியவளாக இருப்பாள். சைக்கிளில் ஹெல்மெட்டோடு வருவாள். இவர் அவளை 'டீச்சரம்மா' என்று கூப்பிட, அவள் இவரை 'அங்கிள்' என்று கூப்பிட, பாடம் நடந்தது. "கை வைக்கறப்போ எதுவும் வேணும்னு நினைக்காதீங்க அங்கிள். சரியாகணும்னுகூட நினைக்காதீங்க" என்று அவள் சொன்னதை வீட்டுக்கு வந்து மந்திரம் மாதிரி சொல்லிக்கொண்டே இருப்பார். பழகிப் பார்க்க சோபாத் தலையணை, விடுமுறைக்கு வந்த மகள், எதிர் வீட்டு நாய் என்று எதையும் விட்டு வைக்கவில்லை. நாய்க்கு அவர் கை ரொம்பப் பிடித்துப்போய், எங்கள் கதவைப் பிறாண்ட ஆரம்பித்தது.

ஓய்வு பெற்றதும் முன் அறையைச் சிகிச்சை அறையாக்கினார். தச்சரிடம் சொல்லி, மடக்குகிற கால்களோடு ஒரு கட்டில் செய்துகொண்டார். அதன்மேல் மெத்தை, மெத்தைமேல் துவைத்த விரிப்பு, ஜன்னலுக்குக் கனமான திரை. வருகிறவர்களைப் படுக்க வைத்து, வலிக்கிற இடத்தில் கையை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார். அழுத்துவதும் இல்லை, பிடித்துவிடுவதும் இல்லை. காய்ச்சல், நெஞ்சு வலி, கட்டி என்று யாராவது வந்தால் "முதல்ல டாக்டர், அப்புறம் நான்" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவார். அதனால் அவருக்குக் கெட்ட பெயர் எதுவும் வரவில்லை. தூக்கம் வராதவர்கள் வந்தார்கள். மனசு பாரமாக இருப்பவர்கள் வந்தார்கள். பஸ் கண்டக்டர் ஒருவர் தோள் வலி என்று வாராவாரம் வந்தார். வந்தவர்கள் போகும்போது முகம் தெளிந்துதான் போனார்கள், அதை நான் மறுக்க மாட்டேன். கண்ணை மூடி ஒரு மணி நேரம் படுத்தால் யாருக்கும் முகம் தெளியும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

அவரிடம் ஒரே ஒரு விதி உண்டு. கேட்டால்தான் கை வைப்பார். படுத்திருப்பவர் தன் வாயால், "கை வைங்க" என்று சொல்ல வேண்டும். குழந்தையைத் தாய் தூக்கி வந்தாலும் குழந்தைதான் சொல்ல வேண்டும். ஒரு அம்மாள் தன் கணவரைக் காதைப் பிடிக்காத குறையாக இழுத்து வந்தாள். அவர் உம்மென்று உட்கார்ந்திருந்தாரே தவிர, கேட்கவில்லை. இவரும் கை வைக்கவில்லை. இரண்டு பேரும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து டீ குடித்தார்கள், அவர் எழுந்து போய்விட்டார். "ஏங்க, அந்தப் பொம்பளை பாவம் இல்லையா?" என்றேன்.

"கேக்காதவங்க மேல கை வச்சா அது அடிக்கிற மாதிரிதான்" என்றார்.

நான் அந்தக் கட்டிலில் ஒருநாளும் படுத்ததில்லை. விரிப்பைத் துவைத்துப் போடுவதோடு சரி. அவரும் ஒருநாளும், "வா, படுத்துப் பாரு" என்று கூப்பிட்டதில்லை. நல்லதாகப் போயிற்று என்றுதான் இருந்தேன்.

போன மழைக்காலத்தில் என் வலது கை ஆட ஆரம்பித்தது. முதலில் டிவி பார்க்கும்போது கட்டைவிரல் தானாக ஆள்காட்டி விரலோடு உரசிக்கொண்டிருக்கும். இல்லாத ஒரு மணியை உருட்டுகிற மாதிரி. கையை மடிக்குள் வைத்து மூடிக்கொள்வேன். கடையில் ஸ்க்ரூ கைநழுவ ஆரம்பித்தது. கண்ணாடிச் சட்டத்தின் ஸ்க்ரூ எறும்பின் தலையளவுதான் இருக்கும். இடுக்கியால் எடுத்து, துளையில் நிறுத்தி, திருப்புளி முனையை விட்டு ஒரு திருப்பு. அரை நிமிட வேலை. இத்தனை வருடம் பேசிக்கொண்டே செய்த வேலைக்கு இப்போது மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கீழே விழுந்த ஸ்க்ரூவைத் தேடித் தரையில் தவழ்ந்தேன். கண் சரியில்லையா என்று மற்றவர்கள் கேட்டார்கள். கண்ணாடிக் கடையில் இருந்துகொண்டு வேறு என்ன கேட்பார்கள்?

வீட்டில் மறைத்தேன். கோப்பையை இடது கையால் எடுத்தேன், காய் நறுக்கும்போது முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஆனால் அவருக்குத் தெரிந்துவிட்டது. எனக்கு டீயை அரைக் கோப்பைதான் ஊற்றினார். காய் நறுக்கும் வேலையைத் தானே எடுத்துக்கொண்டார். என் செருப்பின் வாரை எடுத்துவிட்டு, சும்மா நுழைத்துக்கொள்கிற மாதிரி மாற்றித் தைத்து வாங்கி வந்தார். நான் டிவி பார்க்கும்போது அவர் என் மடியைப் பார்ப்பார். பார்த்துவிட்டு எழுந்துபோய்ச் சுவர் முன்னால் உட்கார்ந்துகொள்வார். ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! ஊரில் இருப்பவன் தோளுக்கெல்லாம் மணிக்கணக்காகக் கை வைக்கிற மனிதர், கட்டின மனைவியின் கை ஆடுவதைப் பார்த்துவிட்டு அரைக் கோப்பை டீ ஊற்றுகிறார். கேட்டால்தான் கை வைப்பாராம். நான் ஏன் கேட்க வேண்டும்? இத்தனை வருடம் கேலி செய்துவிட்டு இப்போது எந்த முகத்தோடு போய்க் கேட்பது? அவராக ஒரு தடவை, "வா" என்றால் போதும், முறைத்துக்கொண்டாவது போய்ப் படுத்திருப்பேன். அவர் சொல்லவில்லை. டாக்டரிடம் போகலாம் என்றும் அவர் சொல்லவில்லை, நானும் போகவில்லை. போனால் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார்கள்.

கோபத்துக்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. இந்த மனிதருக்குத் தன் வைத்தியத்தில் தனக்கே நம்பிக்கை இல்லையோ என்கிற சந்தேகம். எனக்கு நம்பிக்கை இல்லாததில் பெரிய விஷயம் எதுவும் இல்லை. ஆனால் அவருக்கும் இல்லையென்றால், நான் யாரோடு குடித்தனம் நடத்தினேன்? பச்சை முட்டைக்கோஸைத் தின்றவர், தலைகீழாக நின்றவர், வெள்ளைச் சுவரைப் பார்த்தவர் எல்லாரும் வேஷமா? அவர் தேடியது பொய்யாக இருக்கக் கூடாது என்று நான் இவ்வளவு ஆசைப்படுவேன் என்று எனக்கே தெரியாது.

ஒருநாள் கடையில் ஒரு வயதான வாத்தியாரின் கண்ணாடிக்கு ஸ்க்ரூ மாட்டிக்கொண்டிருந்தபோது கை வெட்டி இழுத்துவிட்டது. திருப்புளி லென்ஸின் குறுக்கே ஒரு கோடு போட்டது. அவர் அதை மாட்டிப் பார்த்துவிட்டு, "ஏம்மா, எனக்கு மட்டும்தான் மழை பெய்யுதா?" என்று சிரித்தார். நல்ல மனிதர். நான் சிரிக்கவில்லை. முதலாளியம்மா புது லென்ஸ் போட்டுத் தருவதாக அவரை அனுப்பிவிட்டு, என்னை உள்ளே கூப்பிட்டாள்.

"அக்கா, நீங்க சொல்வீங்கன்னு நானும் ரொம்ப நாளாப் பார்த்துட்டு இருக்கேன். இன்னைக்கு வீட்டுக்குப் போங்க. டாக்டரைப் பார்த்துட்டு வாங்க. உங்க நாற்காலி எங்கயும் போகாது" என்றாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. நான் யாரிடம்தான் மறைத்துக்கொண்டிருந்தேன் என்று எனக்கே விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது நடுப்பகல். கூடத்தில் இரண்டு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். நானும் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர்களுக்கு அடுத்ததாக உட்கார்ந்தேன். "நீங்க உள்ள போகலாமே" என்றாள் ஒருத்தி. "வரிசைன்னா வரிசைதான்" என்றேன். எனக்கு முன்னால் இருந்தவர் வெளியே வந்ததும் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தபோது நான் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தேன்.

"கேக்கறேன். போதுமா? என் வாயால கேக்கறேன். கையை வைங்க" என்று கத்தினேன்.

அவர் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். கை வைக்கவில்லை.

"என்னங்க? கேட்டா வைப்பீங்கதானே? எல்லாருக்கும் வைப்பீங்கதானே?"

"உனக்கு வேண்டாம்" என்றார்.

"ஏன் வேண்டாம்? இந்தக் கேக்கற விதியை உங்க டீச்சரம்மா சொல்லிக் கொடுத்தாளா?"

"இல்ல. நானாப் போட்டது."

"எதுக்கு?"

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "நீ கேக்க மாட்டேன்னு தெரியும். அதுக்குத்தான்" என்றார்.

நான் எழுந்து உட்கார்ந்தேன். அவரே மெதுவாகப் பேசினார். "அந்தப் பொண்ணு சொன்னா, எதுவும் வேணும்னு நினைக்காம வைக்கணும்னு. ஊர்ல யாருக்கு வேணும்னாலும் என்னால அப்படி வைக்க முடியும். அவங்களுக்கு ஆகலேன்னா வருத்தப்படுவேன், அடுத்தவங்களுக்கு வைப்பேன். உன் மேல வச்சு ஒண்ணும் ஆகலேன்னா நான் எங்க போவேன்? லிஃப்ட் மேல உக்கார்ந்தது, அலைஞ்சது, திரிஞ்சது எல்லாம் என்னன்னு ஆயிடும்? அதான் ஆரம்பத்திலயே வேலி போட்டுக்கிட்டேன். அப்புறம் விதின்னு ஆனதும் எல்லாருக்கும் நல்லதாத்தான் இருந்துச்சு."

"அப்போ என் கை ஆடறதைப் பார்த்துட்டு..."

"பார்த்துட்டுத்தான் இருந்தேன். தினமும் உன் பக்கத்துல வந்து கையை நீட்டிட்டுத் திரும்பிப் போயிருக்கேன். நீ தூங்கும்போதுகூட."

அவர் அழுதார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. அதைப் பார்த்ததும் கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. நான் கேட்கட்டும் என்று அவரும், அவர் கூப்பிடட்டும் என்று நானும் ஒரே வீட்டில் மாதக்கணக்காகக் காத்திருந்திருக்கிறோம். இரண்டு பேருக்கும் பயம் ஒன்றுதான். எங்களைப் போல இரண்டு முட்டாள்களை ஒன்றாகச் சேர்த்து வைத்தவர்களைச் சொல்ல வேண்டும்.

"சரி, எந்திரிங்க. முகத்தைக் கழுவுங்க. டாக்டர்ட்ட போலாம்" என்றேன்.

நரம்பு டாக்டர் என்னை நடக்கச் சொன்னார், விரலைத் தட்டச் சொன்னார், எழுதச் சொன்னார். என் எழுத்து வரியின் கடைசிக்குப் போகப் போக எறும்பாகச் சிறுத்துப்போயிருந்தது. ஸ்கேனும் எடுத்தார்கள். கடைசியில் டாக்டர் அதன் பெயரைச் சொன்னார். மெதுவாகத்தான் வளரும், மாத்திரை கட்டுக்குள் வைத்திருக்கும், நன்றாக நடமாடலாம், ஆனால் முழுதாகப் போகாது என்றார். பெயர் தெரியும்வரை இருந்த பயம், பெயர் தெரிந்தபின் கொஞ்சம் குறைந்தது எனக்கு. அவருக்கு அதிகமாகிவிட்டது. திரும்பி வரும்போது பஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் கட்டிலை மடக்கி அலமாரிக்குப் பின்னால் தள்ளிவிட்டார். வந்தவர்களிடம் வாசலிலேயே, "இனிமே இல்லீங்க" என்றார். காலையில் சுவர் முன்னால் உட்காருவதையும் விட்டுவிட்டார். என் மாத்திரையை வேளை தவறாமல் எடுத்துக் கொடுத்தார். மற்ற நேரத்தில் டிவி பார்த்தார். வாழ்நாளில் டிவிப் பக்கம் தலைவைத்துப் படுக்காத மனிதர், சமையல் போட்டியில் யார் ஜெயிப்பார்கள் என்று வாயில் ஈ போவது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தார். மகளுக்குப் போன் செய்து சொன்னேன்.

"அப்பா டிவி பார்க்கிறாரா?" என்று அவள் பதறினாள். "அம்மா, உன் கையைவிட இதுதான்மா எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் அப்படித்தான் இருந்தது. என் கை போனது போகட்டும், கடையில் கணக்கு வழக்கு, வருகிறவர்களிடம் பேசுவது என்று முதலாளியம்மா எனக்கு வேறு வேலை கொடுத்துவிட்டாள். இவருடைய கையும் போய்விட்டால் இந்த வீட்டில் என்ன மிச்சம்? நான் கேலி செய்வதற்குக்கூட ஒன்றும் இருக்காது.

கண்டக்டர் வந்தார். 'இனிமே இல்லை' என்று இவர் சொன்னதும், படியிலேயே நின்றுகொண்டு தயங்கித் தயங்கிப் பேசினார். "அண்ணே, தோள் வலி அப்பப்போ வந்துட்டுத்தான் இருக்கு. அது போகும்னு நான் வரல. நாள் முழுக்க பஸ்ல எத்தனை பேர் என்னை இடிச்சுட்டுப் போறாங்க, தள்ளிட்டுப் போறாங்க. இங்க ஒருத்தர்தான் நான் சொன்னப்புறம் என்னைத் தொடறாரு. அதுக்குத்தாண்ணே வந்தேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டு, "மன்னிச்சிடுப்பா" என்று கதவைச் சாத்தினார். நான் சமையலறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தேன். வலியும் போகாமல், குறையும் சொல்லாமல், வாராவாரம் எதற்கு இந்த மனிதர் இவ்வளவு தூரம் வருகிறார் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அன்று பூராவும் அந்தப் பேச்சு என்னைவிட்டுப் போகவில்லை.

சாயங்காலம் டிவியை அணைத்தேன். நான் போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து கட்டிலை இழுத்தேன். அதன் கால்களை விரித்துக் கொக்கியை மாட்ட வேண்டும். என் கை அதை மாட்டினால்தானே? கொக்கி துளைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. சத்தம் கேட்டு அவர் ஓடி வந்தார்.

"விடு, நான் மாட்டறேன்."

"நான் கேட்டேனா? கேக்காம கை வைக்கக் கூடாது" என்றேன்.

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். நான்கு கொக்கியையும் நானே மாட்டினேன். எவ்வளவு நேரம் ஆயிற்றோ, எனக்கு வியர்த்துவிட்டது. மெத்தையைப் போட்டு, விரிப்பை விரித்து, ஏறிப் படுத்தேன். அந்தக் கட்டில் இவ்வளவு சௌகரியமாக இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"இப்போ கேக்கறேன். கையை வைங்க."

"என்னால முடியாது. உனக்குச் சரியாகணும்னு நினைக்காம என்னால வைக்கவே முடியாது."

"நினைச்சுக்கிட்டே வைங்க."

"அது தப்பு."

"தப்பாவே வைங்க. நான் என்ன உங்க டீச்சரம்மாகிட்டயா போய்ச் சொல்லப்போறேன்?"

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் தேய்த்துக்கொண்டார். பிறகு ஆடிக்கொண்டிருந்த என் வலது கையின்மேல் ஒரு கையை வைத்து, இன்னொரு கையை அதன் அடியில் கொடுத்தார். கதகதப்பாக இருந்தது. அவர் கையும் நடுங்கியது, என் கையும் நடுங்கியது, எது யாருடையது என்று சொல்ல முடியவில்லை. அந்தக் கையைக் காய் நறுக்கும்போது பார்த்திருக்கிறேன், கிரீஸோடு பார்த்திருக்கிறேன், மகளைத் தூக்கியபோது பார்த்திருக்கிறேன். அது வேறு எந்த வேலையும் இல்லாமல் என்மேல் சும்மா இருந்தது இதுதான் முதல் தடவை. இத்தனை மாதமாக என் கையை நான் எதிரியைப் போல மடிக்குள் அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன். இப்போது அதைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் இருந்தார். எனக்குப் பயமாக இருந்தது என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. அப்போதும் சொல்லவில்லை, ஆனால் சொல்லிவிட்டது போல இருந்தது. கண்ணோரம் வழிந்து காதுக்குள் போனது.

வெளியே வெளிச்சம் குறைந்துகொண்டு வந்தது. யாரோ மணி அடித்துப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவர் அசையவில்லை. நானும் எழுந்திருக்கவில்லை.

ரொம்ப நேரம் கழித்து, "நிக்கலியே" என்றார்.

"நிக்கல" என்றேன். "நீங்க எடுக்காதீங்க."